மறுமணத்திற்கு முன் காத்திருத்தல்: அமெரிக்க மாநிலச் சட்டங்களும் இத்தாவும்

 



நம் ஊர்களிலிருந்து அமெரிக்காவிற்கு மருமகளாகவும் மருமகனாகவும் சென்றிருக்கும் பிள்ளைகள் இன்று ஏராளம். நிக்காஹ் இங்கே நடக்கிறது. குடித்தனம் டெக்ஸாஸிலோ நியூஜெர்ஸியிலோ நடக்கிறது. அல்லாஹ் அந்தக் குடும்பங்கள் அனைத்திலும் அன்பையும் கருணையும் நிலைநிறுத்துவானாக! எனினும் சில இல்லங்களில் பிளவு ஏற்பட்டுவிடுகிறது. அப்போது பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். அந்நாட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதா? பெண்ணுக்கோ பிள்ளைக்கோ எப்போது மறுமணம் செய்து வைக்கலாம்?

இக்கேள்விகளுக்கு ஒரே வரியில் விடை கூற இயலாது. ஏனெனில் அமெரிக்காவில் திருமணமும் விவாகரத்தும் மத்திய அரசின் பொறுப்பில் இல்லை. 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் திருமணம் இன்னொரு மாநிலத்தின் சட்டப்படி செல்லாததாகிவிடவும் கூடும். ஆகவே இதைப் படிப்படியாக விளங்கிக் கொள்வோம்.

விவாகரத்துச் சட்டம் வளர்ந்த விதம்

ஒரு காலத்தில் அமெரிக்க மாநிலங்களில் விவாகரத்துப் பெறுவது மிகக் கடினமாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1960களின் நடுப்பகுதி வரை விபச்சாரம் ஒன்றே விவாகரத்திற்குரிய காரணமாக ஏற்கப்பட்டது. தென் கரோலினாவில் 1940களின் இறுதி வரை விவாகரத்திற்கே இடமில்லை. கணவன் எத்தனை கொடியவனாக இருப்பினும் அவனோடு கட்டுண்டு கிடப்பதைத் தவிர மனைவிக்கு அங்கே வேறு வழியில்லை.

வழியை அடைத்தால் மக்கள் சுவரைத் தாண்டுவார்கள் அல்லவா? நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டு, ஆறு வாரம் தங்கியிருந்தாலே அங்கு வழக்குத் தொடுக்கலாம் எனச் சட்டம் செய்தது. பிற மாநிலத்தார் அங்குள்ள ரீனோ நகருக்குக் கூட்டம் கூட்டமாகச் சென்று தங்கி, விவாகரத்துப் பெற்றுத் திரும்பினர். இன்னும் பலர் தம் ஊர் நீதிமன்றத்திலேயே பொய்ச்சாட்சி கூறி விடுதலை தேடினர்.

இந்நிலையை மாற்றிய சட்டம் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1969ஆம் ஆண்டு ஆளுநர் ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட அச்சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. யாருடைய குற்றத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை. இணக்கம் ஏற்பட முடியாத பிளவு உண்டாகிவிட்டது என்று கூறினாலே போதும் என்பது அதன் சாரம். மற்ற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இம்முறையை ஏற்றன. கடைசியாக 2010ஆம் ஆண்டு நியூயார்க்கும் ஏற்றது.

வாயில் அகலத் திறந்துவிட்டது என்ற கவலையும் உடனே எழுந்தது. லூயிசியானா 1997லும், அரிஸோனா 1998லும், ஆர்கன்ஸா 2001லும் 'உடன்படிக்கைத் திருமணம்' என்ற தனி வகையை ஏற்படுத்தின. இவ்வகையைத் தேர்ந்தெடுப்போர் திருமணத்திற்கு முன்பே ஆலோசனை பெற வேண்டும். எளிதில் பிரியவும் முடியாது. ஆனால் இதை விரும்பி ஏற்ற தம்பதியர் மிகச் சொற்பமே.

இரண்டு வகைக் காத்திருப்புகள்

இப்போது காத்திருப்புக் காலத்திற்கு வருவோம். இதில் இரண்டு வகைகள் உள்ளன. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் உருவாகின்றன.

முதல் வகை, தீர்ப்புக்கு முந்திய காத்திருப்பு. மனு கொடுத்த உடனேயே நீதிமன்றம் பிரித்துவிடாது. டெக்ஸாஸில் குறைந்தது 60 நாட்கள் கழிய வேண்டும். குடும்ப வன்முறை நிகழ்ந்த வழக்குகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. விஸ்கான்ஸினில் 120 நாட்கள். கலிஃபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு மனு சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து ஆறு மாதம் முடியும் வரை திருமண பந்தம் அறுபடாது. கோபம் தணியவும், மனம் மாறினால் திரும்பவும் தரப்படும் அவகாசம் இது.

இரண்டாம் வகை, தீர்ப்புக்குப் பிந்திய காத்திருப்பு. விவாகரத்து ஆகிவிட்டது, ஆயினும் வேறொருவரை உடனே மணக்கக் கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் இத்தடை இல்லை. சில மாநிலங்களில் உண்டு. டெக்ஸாஸில் தீர்ப்பு நாளுக்குப் பின் 31ஆம் நாள் வரும் வரை மூன்றாம் நபரை மணக்க முடியாது. தக்க காரணம் இருந்தால் நீதிபதி இதைத் தளர்த்தலாம். அலபாமாவில் 60 நாட்கள். மசாசூசெட்ஸில் முதலில் இடைக்காலத் தீர்ப்பே வழங்கப்படுகிறது. அது 90 நாட்கள் கழிந்து முழுமை பெற்ற பின்னரே மறுமணம் செய்யலாம். நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, விஸ்கான்ஸின் ஆகிய மாநிலங்களில் ஆறு மாதம்.

இவற்றில் விஸ்கான்ஸின் சட்டம் மிகக் கண்டிப்பானது. ஆறு மாதத்திற்குள் செய்யப்படும் மறுமணம் செல்லாது என்று அது கூறுகிறது. வேறெங்கோ விவாகரத்துப் பெற்றவரையும் அது கட்டுப்படுத்துகிறது. ஓக்லஹோமாவில் ஆறு மாதத்திற்குள் வேறொருவரை மணப்பது தண்டனைக்குரிய குற்றமாகவே கருதப்படும்.

கவனிக்க வேண்டிய ஒரு செய்தி: டெக்ஸாஸ், அலபாமா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா ஆகிய மாநிலங்களில் இத்தடை மூன்றாம் நபரை மணப்பதற்குத்தான். பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் ஒருவரையொருவர் மணந்து கொள்ள விரும்பினால் காத்திருக்கத் தேவையில்லை.

இத்தா எங்கே வேறுபடுகிறது?

இந்த இடத்தில் நமது மார்க்கம் விதித்துள்ள இத்தாவை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

மாதவிடாய் வரும் பெண் தலாக்கிற்குப் பின் மூன்று 'குரூஉ' காலம் காத்திருக்க வேண்டும் என்று அல்குர்ஆன் (2:228) கட்டளையிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி இதன் பொருள் மூன்று தூய்மைக் காலங்கள்; ஹனஃபி மத்ஹபின்படி மூன்று மாதவிடாய்கள். மாதவிடாய் நின்றுவிட்டவர்களுக்கு மூன்று மாதம். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை (65:4). கணவன் மனைவியாகக் கூடுவதற்கு முன்பே தலாக் நிகழ்ந்தால் இத்தாவே இல்லை (33:49). கணவனை இழந்தவருக்கு நான்கு மாதம் பத்து நாட்கள் (2:234).

அமெரிக்க மாநிலங்கள் தனித்தனியே வைத்திருக்கும் இரு நோக்கங்களும் இத்தாவில் ஒருங்கே அமைந்திருப்பதைப் பாருங்கள். திரும்ப அழைத்துக் கொள்ளும் உரிமையுள்ள தலாக்கில், இத்தா முடியும் வரை திருமண உறவு முற்றாக அறுந்துவிடுவதில்லை. மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. அதன் பின் அல்லாஹ் வேறொரு நிலையை உண்டாக்கக்கூடும் என்ற கருத்தை சூரா தலாக்கின் முதல் வசனம் உணர்த்துகிறது. இது தீர்ப்புக்கு முந்திய அவகாசத்தை ஒத்தது. அதே காலத்தில் வேறொருவரை மணப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. இது தீர்ப்புக்குப் பிந்திய தடையை ஒத்தது.

வேறுபாடுகளும் உண்டு. மாநிலச் சட்டத்தின் தடை ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவில் பொருந்தும், இத்தா பெண்ணுக்குரியது. மாநிலச் சட்டம் நாட்காட்டியைப் பார்க்கிறது. இத்தாவோ பெண்ணின் உடல்நிலையையும் பார்க்கிறது. கர்ப்பிணிப் பெண்ணின் டெக்ஸாஸ் தடை ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அவளது இத்தா பிரசவம் வரை நீளும்.

கருவறையில் குழந்தை உண்டா என்று மருத்துவப் பரிசோதனையில் அறிந்துவிடலாமே, பின் எதற்கு இத்தா என்று சிலர் கேட்கின்றனர். பிற நாடுகளில் இத்தகைய தடைகள் நீக்கப்பட்டதற்கு இவ்வாதமும் ஒரு காரணம். பிரான்சில் பெண்களுக்கு விதிக்கப்பட்டிருந்த 300 நாள் தடை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. தென் கொரியா 2005ல் நீக்கியது. ஜப்பானில் 1898 முதல் இருந்த ஆறு மாதத் தடை, 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2016ல் 100 நாட்களாகக் குறைந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அறவே இல்லாமற் போயிற்று. அந்தத் தடைகள் பிள்ளையின் தந்தை யார் என்பதைக் குழப்பமின்றி அறிவதற்காகவே ஏற்பட்டவை. ஆதலின் காரணம் நீங்கியதும் சட்டமும் நீங்கிற்று.

இத்தாவின் நோக்கம் அதனினும் விரிவானது. கரு உண்டாக வாய்ப்பேயில்லாத முதிய பெண்ணுக்கும் மூன்று மாதம் உண்டு என்பதே இதற்குச் சான்று. சேர்ந்து வாழ்ந்த உறவுக்குரிய கண்ணியம், சமாதானத்திற்கான வாய்ப்பு, அக்காலத்திய உணவும் உறைவிடமும் ஆகிய அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. அனைத்திற்கும் மேலாக அது இறைக்கட்டளை.

புள்ளிவிவரம் கூறுவது என்ன?

அமெரிக்காவில் பாதித் திருமணங்கள் முறிந்துவிடுகின்றன என்று மேடைகளில் கூறக் கேட்டிருப்பீர்கள். ஓர் ஆண்டில் நடந்த திருமணங்களையும் அதே ஆண்டில் நடந்த விவாகரத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் பிறந்த கூற்று இது. இவ்வாண்டு பிரிகிறவர்கள் இவ்வாண்டு மணந்தவர்கள் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன் மணந்தவர்கள். எனவே இக்கணக்கை அப்படியே ஏற்பது முறையன்று.

அரசுப் புள்ளிவிவரம் மக்கள்தொகையில் 1000 பேருக்கு எத்தனை விவாகரத்துகள் என்று கணக்கிடுகிறது. 1960ல் 2.2 ஆக இருந்த இவ்விகிதம் 1970ல் 3.5 ஆயிற்று. 1981ல் 5.3 என்னும் உச்சத்தைத் தொட்டது. பின்னர் இறங்கத் தொடங்கி 2000ல் 4.0, 2022ல் 2.4 என வந்து நின்றது. 2022க்கான எண்ணிக்கையில் கலிஃபோர்னியா உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள் சேரவில்லை. அவை கணக்கு அனுப்புவதில்லை.

1970ன் சட்டம்தான் விவாகரத்தைப் பெருக்கியதா? உயர்வு 1970க்கு முன்பே தொடங்கிவிட்டதை மேற்கண்ட எண்களே காட்டுகின்றன. ஒருவர் மட்டும் விரும்பினாலும் பிரியலாம் என்ற சட்டம் வந்த மாநிலங்களில் விகிதம் உடனே கூடியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அந்த விளைவு மங்கிவிட்டது என்று பொருளியலாளர் ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் 2006ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவரும் பெட்ஸி ஸ்டீவன்சனும் சேர்ந்து செய்த மற்றோர் ஆய்வு, அம்மாநிலங்களில் பெண்களின் தற்கொலையும் குடும்ப வன்முறையும் குறைந்ததையும் எடுத்துக் காட்டியது. வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தால் கொடுமை செய்பவனின் கையும் சற்றுத் தயங்கும் போலும்! நம் மார்க்கம் குலாவின் வழியைப் பெண்ணுக்குத் திறந்து வைத்திருப்பதன் ஞானத்தை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுமணத் தடை நீண்டிருந்தால் விவாகரத்துக் குறையுமா? ஓக்லஹோமாவில் ஆறு மாதத் தடை உண்டு. ஆயினும் விவாகரத்து விகிதம் அதிகமாகக் காணப்படும் மாநிலங்களின் வரிசையில் அது நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. 90 நாள் மட்டுமே காத்திருக்கச் சொல்லும் மசாசூசெட்ஸோ மிகக் குறைந்த விகிதமுள்ள மாநிலங்களுள் ஒன்று. ஆக, தடையின் நீளம் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. தடை தொடங்குவதற்கு முன்பே குடும்பம் உடைந்துவிட்டதே!

விகிதம் இறங்கியதைக் கண்டு அங்கே இல்லறம் வலுப்பெற்றுவிட்டது என்றும் முடிவு செய்துவிட முடியாது. 1970ல் பெண்கள் முதல் திருமணம் செய்யும் இடைநிலை வயது 21க்கும் குறைவு. 2022ல் அது 28ஐத் தாண்டிவிட்டது. முதிர்ச்சியடைந்த பின் மணப்பதால் முறிவு குறைகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் 1960ல் 1000 பேருக்கு 8.5 ஆக இருந்த திருமண விகிதம் 2022ல் 6.2 தான். மணம் செய்யாமலே சேர்ந்து வாழ்வோர் பெருகிவிட்டனர். அவர்கள் பிரிந்தால் எந்த நீதிமன்றக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

பிறர் கணக்கைப் பேசும் நாம் நம்முடைய கணக்கையும் பார்க்க வேண்டும். நீதிமன்றம் செல்லாமல் நிகழும் தலாக்குகள் எந்த நீதிமன்றப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. கணக்கில் இல்லாததால் கண்ணீரும் இல்லை என்றாகிவிடுமா?

இரண்டு நாட்காட்டிகள்

ஓர் உதாரணத்தைக் கொண்டு விளங்குவோம். ஜனவரி 1ஆம் நாள் நீதிமன்றத் தீர்ப்பும் தலாக்கும் ஒரே நாளில் நிகழ்ந்ததாகக் கொள்வோம். டெக்ஸாஸில் பிப்ரவரி 1ஆம் நாளே அரசின் தடை நீங்கிவிடும். ஆனால் அப்பெண்ணின் இத்தா பொதுவாக மார்ச் மாதத்தை ஒட்டியே நிறைவுறும். பிப்ரவரியில் நிக்காஹ் நடத்தினால் அரசு ஏற்கும், மார்க்கம் ஏற்காது. அதே பெண் விஸ்கான்ஸினில் வசித்தால் இத்தா முடிந்த பின்னும் ஜூலை வரை அரசின் தடை நீடிக்கும். ஏப்ரலில் நிக்காஹ் நடத்தினால் அம்மாநிலத்தின் பார்வையில் அது திருமணமே அன்று. அதன் விளைவாக விசா, சொத்து, காப்பீடு ஆகிய அனைத்திலும் அப்பெண் கைவிடப்பட்டவளாக நிற்க நேரிடும்.

எனவே இரண்டு காலங்களும் முடிந்த பின்னரே மறுமணத்தை நடத்துங்கள். இதில் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நீதிமன்றத் தீர்ப்பு வேறு, மார்க்கத் தலாக் வேறு. மனைவி தொடுத்த வழக்கில் நீதிபதி அளிக்கும் தீர்ப்பு மார்க்கப்படி பிரிவாகுமா, இத்தா எந்நாளிலிருந்து தொடங்கும் என்பவற்றில் தெளிவான ஃபத்வா தேவை. தகுதியான ஆலிம்களிடம் ஆவணங்களைக் காட்டிக் கேட்டு, நாளை எழுத்தில் பெற்றுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தலாக் கூறிவிட்டால் அரசுக் கணக்கும் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மனைவி மேரிலாந்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்த நிலையில், கணவர் வாஷிங்டனிலுள்ள பாகிஸ்தான் தூதரகத்தில் தலாக் பத்திரம் எழுதிக் கொடுத்து, மஹரைத் தவிர வேறு கடமை தமக்கில்லை என வாதிட்டார். 2008ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தத் தலாக்கை ஏற்க மறுத்து, அவரது ஓய்வூதியத்தில் மனைவிக்குரிய பங்கை உறுதி செய்தது. நம் நாட்டிலும் ஒரே மூச்சில் கூறும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

மூன்றாவது, பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் "முன்பு விவாகரத்து ஆகிவிட்டது" என்ற வாய்ச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேளுங்கள். எந்த மாநிலம், தீர்ப்பு நாள் எது, அது முழுமை பெற்ற நாள் எது என்று பாருங்கள். கேட்பது அவமதிப்பு அன்று. நம் பிள்ளையின் வாழ்வு சம்பந்தப்பட்ட அமானிதம்.

காத்திருப்பு முடிந்தால் தடுக்காதீர்கள்

காத்திருக்கச் சொன்ன அதே மார்க்கம், காலம் முடிந்த பின் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தலாக் செய்யப்பட்டபோது, இத்தா முடிந்ததும் தமக்குத் தெரிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். முடிந்ததும் முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் பெண் கேட்டனர். நபி (ஸல்) அவர்களோ உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு ஆலோசனை கூறினார்கள். அவ்வாழ்வு நலமாக அமைந்தது என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தலாக் ஆனவள் என்ற களங்கம் அங்கே எவர் நெஞ்சிலும் இல்லை.

மஃகில் இப்னு யஸார் (ரலி) அவர்களின் சகோதரியை அவருடைய கணவர் தலாக் செய்து, இத்தா முடிந்த பின் மீண்டும் மணக்க முன்வந்தார். சகோதரர் கோபத்தால் மறுத்தார். அப்பெண்ணுக்கோ விருப்பம் இருந்தது. அப்போதுதான், இருவரும் நல்ல முறையில் உடன்பட்டால் பெண்களைத் தடுக்காதீர்கள் என்ற கருத்தமைந்த வசனம் (2:232) அருளப்பட்டதென ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. மஃகில் (ரலி) அவர்கள் உடனே பணிந்து மணமுடித்து வைத்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? இத்தா முடிந்து ஆண்டுகள் பல கடந்தும், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தால் பெண்ணை மூலையில் அமர்த்தி வைக்கிறோம். ஆணுக்கோ மறுமாதமே பெண் பார்க்கிறோம். அல்லாஹ் விதிக்காத இத்தாவைப் பெண்ணின் மீது சுமத்த நமக்கு அதிகாரம் அளித்தவர் யார்?

சகோதரர்களே, சகோதரிகளே! பிளவு தோன்றும்போதே இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புங்கள் என்ற வழிகாட்டலை (4:35) முதலில் செயல்படுத்துவோம். பிரிவு தவிர்க்க முடியாததானால் கண்ணியத்தோடு பிரிப்போம். இறைவன் வைத்த காலத்தையும் அந்தந்த நாட்டின் சட்டம் வைத்த காலத்தையும் முறையாக நிறைவு செய்வோம். அவை முடிந்ததும் புது வாழ்வுக்கான கதவைத் தயங்காமல் திறந்து வைப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்லறங்களைப் பாதுகாப்பானாக! பிரிந்தவர்களுக்கு அதனினும் சிறந்த துணையை வழங்குவானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!